கட்டைவிரலால் நாடி பார்த்தவள்

"மனசைப் படிக்கத்தானே மேடம் வந்தேன்? தவளைக்கு எத்தனை நரம்பு இருந்தா எனக்கென்ன?"

ஆய்வகத்துக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் வந்தாள் சுடர்க்கொடி. நாற்பத்தாறு வயதில் சைக்காலஜி பட்டப்படிப்பில் சேர்ந்தவள். கூடவே உயிரியலும் படித்தே ஆகவேண்டும் என்று தலையில் கட்டிவிட்டார்கள். எரிச்சல் வராதா பின்னே?

உயிரியல் ஆசிரியை ரெஜினா அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கக்கா."

"உக்கார நேரமில்லை. என் மக நிறைமதி மாசக்கணக்கா எனக்கு முகம் கொடுத்துப் பேசுறதில்லை. ஊருக்கு வந்தாலும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறா. இன்னிக்கு ஆறு மணி பஸ்ல பெங்களூர் கிளம்பிடுவா. அவ மனசுல என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். நீங்க என்னடான்னா இதயம், ரத்தம், நாடின்னு உசிரை வாங்குறீங்க!"

"அவ மனசுல என்ன இருக்காம்?"

"கோபம். வேறென்ன? அவ சொன்ன பையனை நான் வேண்டாம்னுட்டேன்ல, அந்தக் கோபம். கேட்கவே வேண்டாம் மேடம், மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது."

ரெஜினா கருவியின் பட்டையைத் தன் இடது புஜத்தில் சுற்றினாள். பம்ப்பை அமுக்கினாள். புஸ், புஸ் என்று காற்று ஏறியது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா இருந்தாள் சுடர்க்கொடி?

"எனக்கு இந்தப் பாடமே வேண்டாம்னு எழுதிக் கொடுக்கப் போறேன்!"

"தாராளமா கொடுங்க. அதுக்கு முன்னாடி என் நாடியைக் கொஞ்சம் பாருங்க."

கடவுளே, இதற்குத்தானா வந்தோம்! சுடர்க்கொடி அந்த இடது மணிக்கட்டை வெடுக்கென்று பிடித்து, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எந்த விரலால் பார்க்கவேண்டும் என்று போன வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கும் அவள் காதில் வாங்கவில்லை.

"படபடன்னு அடிக்குது. உங்களுக்கு என்மேல கோபம் மேடம். வெளியில சிரிக்கிறீங்க, உள்ள கொதிக்குது."

"நிச்சயமா தெரியுதா?"

"சத்தியமா!"

ரெஜினா தன் புஜத்தைக் காட்டினாள்.

"பட்டையை இவ்வளவு இறுக்கினா மணிக்கட்டுல நாடியே இருக்காதுக்கா. கை மரத்தே போச்சு."

"அப்போ அடிக்கிறது யாரோடது?"

ரெஜினா அவளுடைய கட்டைவிரலைத் தொட்டாள்.

"இதுக்குள்ளயும் நாடி ஓடுதே."

சுடர்க்கொடி தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது.

ரெஜினா பம்ப்பின் திருகைத் தளர்த்தினாள். காற்று இறங்கியது.

"இப்போ ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைங்க. லேசா."

வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"எதுவுமே இல்லையே மேடம்?"

"பொறுங்க."

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவள் வாய் மூடி அந்த ஆய்வகம் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் விரலுக்கடியில் என்னவோ லேசாகத் தட்டியது. மறுபடியும் தட்டியது.

"நிதானமா இருக்கே! அப்போ என்மேல கோபமே இல்லையா?"

"இல்லையேக்கா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

சுடர்க்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தேகால். ஆறு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.