எறும்புகள் வழியில் நின்று வாய் பார்ப்பது ஏன்

அந்தக் காலத்தில், எறும்பும் ஈயும் வாய்திறந்து பேசிய நாளில், எறும்புகள் போட்ட வழி அழியவே அழியாது. போகிறவளும் வயிற்றைத் தரையில் தேய்த்து வாசம் இட வேண்டும். வருகிறவளும் இட வேண்டும். வாயில் இரை இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. அதுதான் புற்றின் சட்டம்.

வெல்லம் காய்ச்சும் ஆலைக்கு வழி கண்டுபிடித்தவள் கருக்கி. அந்தப் பெருமையில் தலை நிமிர்ந்தே நடப்பாள். ஆலை இடம் மாறி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. புற்றுக்கு அது தெரியாது. வெறும் வாயோடு திரும்பியவர்களைச் சோம்பேறிகள் என்றார்கள். பலர் திரும்பவே இல்லை. அதற்கும் புற்றை ஆளும் பேரவையிடம் பதில் இருந்தது: அங்கே அவ்வளவு வெல்லம், விட்டு வர மனமில்லை.

கருக்கியின் தங்கை சுள்ளி போய் மூன்று நாளாயிற்று.

"அவளுக்கென்ன குறைச்சல்? பாகுல வாய வெச்சவ உடனே வருவாளா? எல்லாம் உன் வழியோட மகிமைதான்" என்றாள் பேரவைத் தலைவி பெருந்தாடை.

கருக்கிக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் தங்கையை நாலு திட்டுத் திட்டி இழுத்துவரக் கிளம்பினாள்.

வாசம் கெட்டியாக இருந்தது. அது ஆலை இருந்த இடத்து மணலில் ஒரு குழியின் விளிம்பில் போய் நின்றது. குழியைச் சுற்றி, சாறு உறிஞ்சி எறிந்த எறும்புகளின் வெற்று உடற்கூடுகள் உமி கொட்டியதுபோல் கிடந்தன. ஒன்றின் இடக்கால் வளைந்திருந்தது. சுள்ளியின் கால். தொட்டுப் பார்த்தாள். கனமே இல்லை.

மணலில் குழி பறித்து, விழும் எறும்பைத் தின்னும் குழியானைப் பூச்சி உள்ளேயிருந்து கேட்டது: "வழி போட்டவ நீதானா? நல்லா இரு தாயி. நான் இரை தேடி எங்கயும் அலையறதில்ல. நாளைக்கும் அனுப்பிவை."

கூட்டை இழுத்துக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான் கருக்கிக்கு உறைத்தது. பழக்கத்தில் அவள் வயிறு தரையைத் தேய்த்தபடியே வந்திருந்தது. தங்கையைத் தின்ற குழிக்கு அவளே மறுபடி வாசம் இட்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பெருந்தாடை கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வழியில தப்பில்ல. நடந்தவதான் தப்பா நடந்திருக்கா. நாளைக்கு நாப்பது பேர் போகட்டும்."

பேரவைக்காரர்கள் அந்த வழியில் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

விடிந்ததும் கருக்கி நாற்பது பேருக்கும் குறுக்கே நின்றாள். கூட்டை முன்னால் போட்டாள்.

"இரை இல்லாத வாய்க்கு இனிமே வாசம் இடுற உரிமை கிடையாது."

"சட்டம் போட நீ யாரு, அக்கா?" என்றாள் வரிசையின் முதலாமவள்.

"அந்தப் பாழாப்போன வழியப் போட்டவ."

முதலாமவள் கூட்டில் வாய் வைத்தாள். பிறகு கருக்கியின் வாயில் வைத்தாள். இரண்டிலும் வெல்லத்தின் ருசி இல்லை. அவள் நகரவில்லை. அவளுக்குப் பின்னால் யாரும் நகரவில்லை. பேரவை உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருந்தது. தேய்க்க ஆளில்லாத வாசத்தை வெயில் குடித்தது. பொழுது சாய்வதற்குள் அங்கே வழி என்று ஒன்று இல்லை.

அன்று முதல்தான், எதிரெதிரே வரும் எறும்புகள் எவ்வளவு அவசரமானாலும் நின்று, வாயோடு வாய் வைத்துப் பார்த்துவிட்டு நடக்கின்றன. வெறும் வாயோடு திரும்புகிறவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டே வருகிறாள்.