வவ்வால் எச்சம் சுமந்த மருதாயி அம்மையார்

குறும்பாறை மலைமேல் சுனையீசர் கோயிலில் பிராகாரம் பெருக்கும் தொண்டு மருதாயி அம்மையாருடையது. மண்டபத்து உச்சியில் தொங்கும் வவ்வால்கள் போடும் எச்சத்தை விடியலில் கூட்டி அள்ளுவார். "அப்பனே, உன் வாசல் சுத்தமா இருக்கணும்" என்பதே அவர் அறிந்த மந்திரம். ஆனால் ஓயாமல் கேள்வி கேட்பார். எச்சத்தில் கிடக்கும் இந்தக் கொட்டை எந்த மரத்தது? அந்த மரம் எங்கே நிற்கிறது? குருக்களே சலித்துப்போவார்.

மலையோ மொட்டை. கரி மூட்டம் போட மரமெல்லாம் வெட்டித் தீர்த்தாயிற்று. மழைநீரைப் பிடித்துவைக்க வேரில்லாததால் தை பிறந்தால் சுனை வற்றும். கோடை முழுதும் ஈசருக்குக் குளியல் கிடையாது. ஆகவே தர்மகர்த்தா அடிவாரத்தில் கிணறு வெட்டிப் புதுக்கோயில் எழுப்பத் தொடங்கினார். அது முடிந்ததும் ஈசர் கீழே போய்விடுவார்.

"மலையை மொட்டையடிச்சது நாம. வீட்டைக் காலி பண்றது அவரா?" என்று அம்மையார் அழுதார்.

அன்றுமுதல் எச்சத்தில் கிடந்த இலுப்பை, நாவல் கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவி, விதைநெல்லைப் போல ஏழு நாள் வெயிலில் உலர்த்தி, சந்நிதியில் வைத்து வணங்கி, மலையில் ஊன்றினார். மூன்று ஆண்டுகள் ஊன்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை! "எச்சம் பொறுக்கிக் காடு வளர்க்கிறாளாம்" என்று ஊர் சிரித்தது.

அம்மையாருக்கோ வருத்தத்தைவிட வியப்பே பெரிது. ஒருநாள் அபிஷேக நீர் வழியும் கோமுகத்தடியில் நாலைந்து நாவல் கன்றுகள் நிற்கக் கண்டார். யாரும் ஊன்றாதவை. "நான் பார்த்துப் பார்த்துப் போட்டது செத்துப்போச்சு. வவ்வால் போட்டது முளைச்சிருக்கே, ஏன்ப்பா?" என்று ஈசரிடமே கேட்டார். அங்கேயே குந்தி, ஈரம் காயாத அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்து யோசித்தார். நெல்லைக் காயவைக்கலாம்; இந்த மரங்களின் கொட்டையைக் காயவைத்தால் உயிர் போய்விடுகிறது! மெத்தப் படித்த எங்கள் ஊரில் இது யாருக்குத் தெரிந்தது, சொல்லுங்கள்.

அதன்பின் பழம் உதிரும் காலமெல்லாம் எச்சத்தோடு ஈரம் மாறாமல் கூடையில் சுமந்து, அன்றன்றே ஊன்றினார். முளைத்தன. ஆடு கடித்தது, மறுபடி ஊன்றினார். கேலி பேசிய பெண்களே பிறகு கூடை எடுத்தார்கள். நாவற்பழமும் இலுப்பை எண்ணெயும் அவர்கள் வீட்டுக்கே போயின.

மரங்களை அளக்க வந்த படித்த பெண்ணொருத்தி, காற்றைக் கெடுக்கும் கரிவாயுவை இவை உண்டு தம் உடம்பிலேயே வைத்துக்கொள்கின்றன என்றாள். அம்மையார் கண்கள் விரிந்தன. "அடேயப்பா! நஞ்சு தின்னவர் மலையில இதுகளும் அதே வேலைதான் பார்க்குதா?" என்று கேட்டார்.

நம் ஊர்த் திருப்பணி தெரியாதா, பதினாறு ஆண்டு இழுத்தது. ஒரு பங்குனியில் புதுக்கோயில் முடிந்து, ஈசரைப் பெயர்த்துக் கொண்டுபோக ஆட்கள் வந்துவிட்டார்கள். விடைபெறும் முன் சுனைக்குப் பூ இடப் போன குருக்கள், "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார். ஊர் ஓடிற்று. கொளுத்தும் பங்குனியில், மரவேர் ஓடிய பாறையிடுக்கில் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. குடம் முங்காத அளவுதான். குருக்கள் அம்மையாரைத் தேடிப் பிடித்து முன்னே நிறுத்தினார்.

"மருதாயி, நீயே அள்ளிக் கொடு."

"எச்சம் அள்ளின கை, சாமி."

"அந்தக் கையைத் தேடித்தான் ஈசர் தண்ணி அனுப்பியிருக்கார். அள்ளும்மா!"

அம்மையார் இரு கையாலும் அள்ளினார். அந்த நீரில் ஈசர் பங்குனியிலே குளித்தார். தர்மகர்த்தா வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

ஏன் ஏன் என்று கேட்டே இறைவனைத் தன் மலையில் குடியிருக்கச் செய்த மருதாயி அம்மையார் திருவடிகளை நாமும் வணங்குவோம்.