உள்ளங்கையில் தீட்டிய கத்தி

"சாமி, இந்தக் கத்தி வழிக்கு வரமாட்டேங்குது."

சொன்னவர் தாண்டவமூர்த்தி. ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். குரல், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும். அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெரு நாய் எழுந்து நிற்கும்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஊசிப்பாறை மடத்தின் குரு. தாண்டவமூர்த்தியின் மகன் வயதுதான் இருக்கும். ஒட்டடைக் கம்புக்குக் காவி சுற்றினாற்போல் உடம்பு. அதனால் ஊரார் வைத்த பெயர் ஒட்டடைச் சாமி. கொசு காதோரம் வந்து போனாற்போல் பேசுவார்.

"என்ன செஞ்ச?"

"தீட்டினேன் சாமி."

"எப்படி?"

"கல்லுல போட்டு அழுத்தித் தேய்ச்சேன். விடவே இல்ல. காலைலேர்ந்து அதே வேலை."

"ஒத்துக்கிச்சா?"

"இல்ல சாமி."

சாமி தலையைச் சொறிந்தார்.

சொறியக் காரணம் இருந்தது. அந்த மடத்தில் ஒரு வழக்கம். சேர வருகிறவர் சவரக்கத்தியைத் தன் கையாலேயே தீட்டி, குருவின் தலையை மழிக்க வேண்டும். ஒரு பொட்டு ரத்தம் வந்தாலும் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும். வராவிட்டால் அவர் மடத்து ஆள். அதுவரை வேறு யாரும் குருவின் தலையில் கத்தி வைக்கக் கூடாது.

தாண்டவமூர்த்தி வந்த புதிதில் பளபளவென்று இருந்த தலை அது. இப்போது குருவிகள் கூடு கட்ட இடம் பார்த்துவிட்டுப் போயின.

மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பத் தாண்டவமூர்த்திக்கு மனசில்லை. வீட்டுக்குள் அவர் நுழைந்தால் மகன் எழுந்து நிற்பான். மருமகள் டிவியை அணைப்பாள். பேரன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அவர் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உட்காருவார், சாப்பிடுவார், அவ்வளவுதான். அப்படியும் அவர் எழுந்து போன பிறகுதான் அந்த வீட்டில் யாராவது சிரிப்பார்கள்.

மடத்துக்குக் கஞ்சி காய்ச்சுகிற பூவாயி அண்டாவைத் துலக்கிக்கொண்டே சொன்னாள்:

"சாமி, இவரு எங்க கத்தியத் தீட்டுறாரு? விசாரணைல்ல பண்றாரு!"

குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள். இல்லாத மீசையை முறுக்கினாள்.

"'ஏய்! எங்கடா உன் கூரு? எவன்கிட்ட குடுத்து வச்சிருக்க? மரியாதையா சொல்லிடு!' பாவம், அது என்ன பண்ணும்? வாய் கோணிப்போய் உக்காந்திருக்கு."

"பூவாயி, நீங்க சும்மா இருங்க."

"இருக்கேன் இன்ஸ்பெக்டரய்யா. லாக்கப்புல போட்டுராதீங்க."

வாய் கோணித்தான் போயிருந்தது. கல்லில் அழுத்த அழுத்த, கத்தியின் ஓரம் மெலிந்து ஒரு பக்கமாகச் சுருண்டுவிட்டது. முன்கை முடியில் வைத்தால் வெட்டவில்லை, பிடுங்கியது.

சாமி கத்தியை வாங்கினார்.

ஈரக்கல்லில் படுக்க வைத்தார். கத்தியின் முதுகும் ஓரமும் ஒன்றாகக் கல்லைத் தொட்டன. ஓரம் முன்னே போக ஒரு தள்ளு. முதுகின் மேலேயே ஒரு புரட்டு. இந்தப் பக்கமாக ஓர் இழுப்பு. மறுபடி புரட்டு, மறுபடி தள்ளு.

பட்டுப்புடவைக்காரி ஒருத்தி கூடத்தைக் கடந்து போகிறாற்போல் ஒரு சத்தம்.

தாண்டவமூர்த்தி குனிந்து பார்த்தார். ஊரில் உள்ள ஜேப்படிக்காரர்கள் அத்தனை பேர் விரலையும் பார்த்த மனுஷர். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. சாமி கத்தியை ஓட்டுகிறாரா, கத்தி சாமியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறதா, தெரியவில்லை. இந்தக் கை திருட இறங்கியிருந்தால் ஜில்லாவே காலி என்று நினைத்துக்கொண்டார்.

"சாமி, நீங்க அழுத்தவே இல்லையே!"

"கத்திக்குக் கனம் இருக்கா?"

"இருக்கு."

"போதாதா?"

அன்று முழுக்கத் தாண்டவமூர்த்தி அப்படியே செய்து பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தேய்த்தார். சுருண்ட வாய் ஒருவழியாக நிமிர்ந்தது.

மறுநாள், கல்லில் தீட்டிய ஓரத்தை மெருகேற்றுகிற தோல்வார்.

தூணில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை இடது கையில் விறைப்பாக இழுத்துப் பிடித்தார் தாண்டவமூர்த்தி. கல்லில் பழகினபடியே ஓரத்தை முன்னே விட்டார்.

சரக்!

வார் வாழை மட்டை மாதிரி பிளந்து தொங்கியது.

"ஐயோ, அறுத்துட்டாரு!" என்றாள் பூவாயி. "அது என்னய்யா தப்பு பண்ணுச்சு?"

"சாமி, ஓரம் முன்னாலன்னு நேத்து நீங்கதானே காட்டினீங்க!"

"கல்லு எதுத்து நிக்கும். தோலு நிக்குமா?"

சாமி கத்தியைத் திருப்பினார். முதுகு முன்னே போக, ஓரம் பின்னாலேயே வர, காற்றில் ஒருமுறை இழுத்துக் காட்டினார்.

"சரி சாமி. வேற வாரு?"

"இல்ல."

"அப்புறம் எதுல தீட்டுறது?"

சாமி அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். இடது கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

"இதுவும் தோலுதான்."

பூவாயி கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே போட்டாள். தாண்டவமூர்த்தி கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சாமி. அறுந்துரும்."

"கத்தி யாரு கைல இருக்கு?"

"என் கைலதான்."

"அப்போ எனக்கென்ன பயம்?"

தாண்டவமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கத்தியை அந்த உள்ளங்கையில் படுக்க வைத்தார். இரும்பு வழியாகச் சாமியின் நாடி துடிப்பது அவர் விரலுக்கு வந்தது. சூடாக, ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பது போல.

மூச்சை அடக்கினார்.

முதுகு முன்னே. ஓரம் பின்னே. முதுகின் மேலேயே புரட்டு. திரும்பி வா.

இத்தனை மெதுவாக அவர் தன் வாழ்நாளில் எதையும் தொட்டதில்லை. தோல் குழியவில்லை. சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். தீட்டுகிறோம் என்பதே நடுவில் மறந்துபோனது.

"போதும்," என்றது கொசுக் குரல்.

சாமி கையை விரித்துக் காட்டினார். ரேகை ஒன்றுகூட அதிகமாகவில்லை.

தாண்டவமூர்த்தி தன் முன்கை முடியில் கத்தியை வைத்தார். வைத்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும். முடி உதிர்ந்திருந்தது.

சாமி தலையை நனைத்துக்கொண்டு, மனைப்பலகையை இழுத்துப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

உச்சியில் தொடங்கினார் தாண்டவமூர்த்தி. ஈர முடி கற்றை கற்றையாக இறங்கியது. நெற்றியோரம் வந்தது. காதுக்குப் பின்னால் அந்தச் சிக்கலான வளைவு வந்தது.

"வலிக்குதா சாமி?"

தாண்டவமூர்த்தி கத்தியை நிறுத்தினார்.

"சாமி?"

தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாண்டவமூர்த்திக்கு உயிரே போய்விட்டது. கத்தியை எட்டப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தார்.

சாமியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை.

தாண்டவமூர்த்தி இடது உள்ளங்கையை அந்தக் கன்னத்துக்குக் கீழே கொடுத்தார். தலை அதில் பாந்தமாக அமர்ந்துகொண்டது.

பூவாயி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பாதித் தலை வெளுத்திருந்தது. சிவப்பு எங்கேயும் இல்லை.

"என்ன இன்ஸ்பெக்டரய்யா நிக்கிறீங்க? எழுப்புங்க! மிச்சத்தையும் முடிச்சாத்தானே நீங்க மடத்து ஆளு!"

"மெல்லப் பேசுங்க பூவாயி," என்றார் அவர், தலையைத் தாங்கிய கையை அசைக்காமல். "மனுஷன் தூங்குறாரு."