தனாகாக்கள் இல்லாத கோட்டை

ஜப்பானில் மிசுஹரா என்றொரு சிற்றரசு இருந்ததாக வைத்துக்கொள்வோம். அங்கே குடிமக்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒருநாள் பிரபு ஹருதோகி நல்ல குஷியில் இருந்தார். அவரவர் குடியிருக்கும் இடத்தைப் பார்த்து ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டுவிட்டார். ஊரோ முழுக்க நெல்வயல். கிட்டத்தட்ட எல்லோருமே ‘வயலுக்கு நடுவே’ என்று பொருள்படும் தனாகா என்ற பெயரை வைத்துக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்!

மலைமேல் கரும்பாறையை ஒட்டி ஒரே ஒரு வீடு. அது அமைச்சருடையது. ‘கரும்பாறை’ என்று பொருள்படும் குரோய்வா என்ற பெயர் அவர் ஒருவருக்கே வாய்த்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

சபையில் அவர் கண்ணை உறுத்தியவர் ஆலோசகர் தொகுசுகே. வயல்காட்டிலிருந்து வந்தவர், ஆகவே அவரும் தனாகாதான். அந்த இடத்தில் தன் மருமகனை உட்கார வைக்க வேண்டும் என்று குரோய்வா நெடுநாளாகக் காத்திருந்தார். சேற்றில் கிடக்கும் பெயர் சபையில் ஒலிப்பது கோட்டைக்கே இழுக்கு என்று பிரபுவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். கடைசியில் பிரபுவும் தலையாட்டிவிட்டார்.

தொகுசுகேயைச் சபைக்கு அழைத்து, இனி கோட்டைக்குள் வரக்கூடாது என்று குரோய்வா அறிவித்தார். பத்து வருட உழைப்பு ஒரு பெயரால் போகப்போகிறதே என்று தொகுசுகேயின் மனம் குமுறியது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பணிவாகக் கேட்டார்.

“இந்த உத்தரவு எனக்கு மட்டுமா, அமைச்சரே? இல்லை, எல்லா தனாகாக்களுக்குமா?”

தன்னை ஓரவஞ்சனைக்காரன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று குரோய்வா நெஞ்சை நிமிர்த்தினார். “சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். நாளை முதல் தனாகா என்ற பெயருள்ள ஒருவனும் கோட்டைக்குள் கால் வைக்கக் கூடாது.”

பிரபு முத்திரை குத்தினார். தொகுசுகே குனிந்து வணங்கிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் காலை பேரரசரின் தூதர் ஆற்றங்கரைக்கு வருவதாகவும், பிரபு பல்லக்கில் போய் அவரை வரவேற்பதாகவும் ஏற்பாடு. பிரபு எழுந்து வெந்நீர் கேட்டார். பதில் இல்லை. சமையற்கட்டில் அடுப்பு எரியவில்லை. செருப்பு எடுத்து வைக்கவும் ஆள் இல்லை. பல்லக்கு முற்றத்தில் அநாதையாகக் கிடந்தது. கோட்டை முழுக்கத் தேடியதில் கிடைத்தவர் குரோய்வா ஒருவர்தான். அவர் கண் எரிய எரிய அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

பிரபு வாசலுக்கு ஓடினார். அகழிக்கு அந்தப் பக்கம் சமையற்காரர், காவற்காரர், பல்லக்குத் தூக்கிகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தொகுசுகே.

“உள்ளே வாருங்கள்! தூதர் வந்துவிடுவார்!”

“எப்படி வருவது, பிரபு? நாங்கள் அத்தனை பேரும் தனாகா. உத்தரவில் தங்கள் முத்திரை இருக்கிறது. பல்லக்குக்கு நாலு தோள் வேண்டும். குரோய்வாக்கள் நாலு பேரைக் கூப்பிட்டுப் பாருங்களேன்.”

பிரபு உள்ளே திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் கரியோடு ஒரே ஒரு குரோய்வா நின்றார். பிரபுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே உத்தரவைக் கிழித்து அகழியில் வீசினார்.

தூதரை வழியனுப்பிய பிறகு தொகுசுகேயை அழைத்து, “உமக்கு ஒரு பரிசு. இந்த நாட்டில் யாருக்குமே இல்லாத அபூர்வமான பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளும்” என்றார்.

தொகுசுகே பதறிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேண்டவே வேண்டாம், பிரபு. எனக்கு அடுப்பு ஊதத் தெரியாது.”