துண்டால் துடைத்த சிலேட்டு

பூதலிங்கம் அந்தக் குரலைக் கேட்டது ஒரே ஒரு நாள். காலையில் சந்தையில் கொஞ்சம், சாயங்காலம் மடத்து அடுப்படியில் கொஞ்சம். அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கும் எங்காவது உலை கொதிக்கிற சத்தம் கேட்டால் அந்தக் குரலும் கூடவே வந்துவிடுகிறது.

"மந்திரம் கெடச்சுதா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால், "கெடச்சுது" என்பார். என்ன மந்திரம் என்று கேட்டால் சொல்லமாட்டார்.

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்தவர்தான் இன்னொருவர் காதில் மந்திரம் சொல்லலாம். நடுவில் ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தாலும் போச்சு, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழைய சாமியார் கண்ணை மூடும் முன்பு அந்தப் பொறுப்பைத் தவமணியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தம்மா கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த போரிலிருந்து தப்பிப் படகேறி வந்தவர். தனியாகத்தான் வந்தார். ஊரில் அவருக்குப் 'பேசாத அம்மா' என்று பெயர்.

பூதலிங்கம் அவரைவிடப் பதினாலு வயது மூத்தவர். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பேசாத குருவுக்குப் பேச்சு நிற்காத சீடன் என்று ஊரில் கேலி செய்வார்கள். அது ஒன்றும் பொய்யில்லை.

மடத்துக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். அம்மா சிலேட்டில் எழுதிக் கொடுப்பார். அதை வாங்கி வாசிப்பது பூதலிங்கத்தின் வேலை. ஸ்டாப்பிங் பெயர் சொல்லுகிற குரலில் வாசிப்பார், அக்கரையில் துணி துவைக்கிறவர்களுக்கும் கேட்கும்.

ஒருமுறை ஒருத்தி வந்து, மகன் சண்டை சண்டையாகப் போடுகிறான் என்று அழுதாள். அம்மா எழுதியதை அவர் வாசித்தார்.

"அவனுக்குப் பசிக்கிறதா என்று முதலில் கேள்." வாசித்துவிட்டு, "ரெண்டு முட்டையும் அவிச்சுக் குடு" என்று தன் பங்குக்குச் சேர்த்தார்.

அம்மா சாக்பீஸால் அவர் விரல் கணுவில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவரே சிரித்துவிட்டார், சத்தமில்லாமல்.

நல்ல வருஷங்கள் அவை. காலையில் ஆற்றுக் குளியல், பத்து மணிக்குக் கருப்பட்டிக் காப்பி, சாயங்காலம் படித்துறையில் ஒன்றும் பேசாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது. வாழ்நாளெல்லாம் விசில் ஊதியே கழித்த மனுஷனுக்கு அந்தப் பேசாத நேரம் ருசித்துப்போனது.

அம்மா பேச்சை நிறுத்திய பதினோராம் வருஷம் பூதலிங்கத்தின் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து அவர் தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும்போதெல்லாம் மிச்ச நாளை எண்ண ஆரம்பித்தார். காதில் அந்த மந்திரம் விழுந்துவிட்டால் போதும், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் புறப்படத் தயார். காவி வேட்டிகூட வாங்கி வைத்துவிட்டார்.

பத்தொன்பது நாள் பாக்கி இருந்தது. அன்றைக்கு வியாழக்கிழமை, சந்தை நாள்.

காய் வாங்க இரண்டு பேரும் போனார்கள். சந்தை வாசலில் காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ தூரத்தில், பேர் சொன்னாலும் திசை தெரியாத ஒரு நாட்டில், ஒரு இனத்தையே இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை அடைத்துவிட்டு, தெருத் தெருவாகக் குண்டு போட்டார்கள். அட்டையில் ஒரு படம். வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னச் சின்ன உடல்கள், வரிசையாக.

ஒரு பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் எழும்பவில்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நம்ம ஊருக்கும் அந்த ஊருக்கும் பஸ்ஸா ஓடுது? போய்ப் படிக்கிற வேலையப் பாருங்க!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கத்தியது இசக்கிப்பாண்டி. பூதலிங்கம் விசில் ஊத, இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா காய்ப்பையைக் கீழே வைத்தார். தோள் பையிலிருந்து சிலேட்டை எடுத்தார். நின்றபடியே எழுதி, பூதலிங்கத்திடம் நீட்டினார்.

அவர் மனசுக்குள் வாசித்தார். 'அங்கே ஒரு சனத்தையே கொல்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.'

"என்னவே பூதலிங்கம்!" இசக்கிப்பாண்டி டீக் கிளாஸோடு எட்டிப் பார்த்தார். "மடத்துலயும் கட்சி ஆரம்பிச்சாச்சா?"

மறுபடி சிரிப்பு. பூதலிங்கத்துக்குக் காது சூடேறியது. முப்பது வருஷம் ஊரையே அதட்டிய குரல், அன்றைக்குத் தொண்டையை விட்டு வரவில்லை. எதற்கு வம்பு, எல்லாம் தெரிந்த முகம், நாளைக்கு இதே டீக்கடையில்தானே உட்கார வேண்டும் என்று தோன்றியது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். சிலேட்டைத் துடைத்தார்.

"வாங்கம்மா, போவோம். நமக்கு எதுக்கு?"

அம்மா வெறும் சிலேட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"அங்க ஒரு சனத்தையே கொல்லுகினம்."

பல வருஷம் பூட்டிக் கிடந்த கேட்டைத் திறந்த மாதிரி ஒரு குரல். யார் பேசியது என்றே பூதலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை.

"பிள்ளைகளைக் கொல்லுகினம். பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ."

பேசாத அம்மா பேசிவிட்டார் என்று சந்தை வாசல் வாயடைத்துப்போனது. இசக்கிப்பாண்டி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். கீரைக்காரி ஒருத்தி எழுந்து வந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றாள். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்தை மறுபடி இரைய ஆரம்பித்துவிட்டது.

மத்தியானம் பூதலிங்கம் சாப்பிடவில்லை. படித்துறையில் போய் உட்கார்ந்தவர் வெயில் தாழும்வரை எழுந்திருக்கவில்லை.

"ஐயா, சாப்பிடேல்லையோ?"

பின்னால் அம்மா நின்றிருந்தார். பன்னிரண்டு வருஷம் காத்துக்கிடந்த குரல் அது. அதைக் கேட்டு அவருக்கு அழுகைதான் வந்தது.

"இனிமே பேசலாமாம்மா?"

"இண்டைக்கு மட்டும். விடிய எழும்பித் திரும்பத் துவங்கப் போறன்."

"பன்னெண்டு வருசமா?"

"ஓம்."

"எனக்கு இப்பவே அறுவத்திரெண்டு."

"தெரியும், ஐயா."

"பத்தொம்பது நாளும்மா. பத்தொம்பதே நாளு."

"நானும்தான் எண்ணினனான்."

அவருக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் தொடச்சது தப்பு, ஒத்துக்கிடுதேன். நீங்க திரும்ப எழுதியிருக்கலாம்லா? அந்தப் பிள்ளை கையிலயாவது குடுத்திருந்தா அது வாசிச்சிருக்கும்லா?"

"அது துடைச்சுப் போனதைப் பாத்த உடன என்ர கை எழுதேல்ல."

அம்மா இரண்டு படி ஏறி, திரும்பிப் பார்த்தார்.

"வாங்கோ. அடுப்பு மூட்டுவம்."

அடுப்படியில் அம்மா அரிசி களைந்தார். அவர் விறகைத் தள்ளினார். வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஆனால் கை ஓடவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா?"

"கேளுங்கோ."

"நம்ம சந்தையில கத்துனது அங்க குண்டு போடுதவன் காதுல விழுமா?"

"விழாது."

"பெறவு எதுக்கும்மா? நாம யாரு, அவிய யாரு?"

அம்மா பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார்.

"கடைசி மாசம் நாங்கள் பதுங்குகுழிக்க இருந்தனாங்கள். அரைச் சாக்கு அரிசி இருந்தது. விறகும் இருந்தது. நாலு நாளா ஒருத்தரும் அடுப்பு மூட்டேல்ல."

"பொகை தெரிஞ்சா குண்டு விழும்னா?"

"அதுக்கில்லை. குண்டு ஓய்ஞ்ச நேரங்களும் இருந்தது. சாகப்போற ஆக்களுக்கு என்ன சோறு எண்டு விட்டிட்டம். எங்களை ஒருத்தரும் உயிரோட இருக்கிற சனமா நினைக்கேல்ல. பிறகு நாங்களும் அப்பிடி நினைக்கேல்ல. பசிக்குது எண்டு கேக்கிறதை என்ர சின்னவளும் விட்டிட்டாள்."

சின்னவளைப் பற்றி அம்மா சிலேட்டில்கூட ஒரு தடவை எழுதியதில்லை. பூதலிங்கம் விறகைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்துக் குழியில ஒரு கிழவரிட்ட றேடியோ இருந்தது. பற்றறி செத்துப்போச்சு. வெயில்ல காயவைச்சுப் போட்டா ரெண்டு நிமிஷம் கேக்கும். அண்டைக்கு அதில ஒரு செய்தி. ஏதோ தூர தேசம், ஏதோ ஒரு ஊர். பேர் ஞாபகமில்லை. அங்க சந்தியில பத்துப் பேர் மழைக்க நிண்டவையாம். எங்கட சனத்தைக் கொல்லாதேங்கோ எண்டு கத்தினவையாம். அதில ஒரு மனிசி மீன் வெட்டிக்கொண்டிருந்த கையோட வந்து நிண்டு கத்தினாவாம்."

"அவிய நம்ம ஆளுகளா?"

"இல்லை. எங்கட பாஷை இல்லை. எங்கட சாமியும் இல்லை. எங்களில ஒருத்தரையும் கண்டிருக்க மாட்டினம்."

"அந்தம்மாவுக்கு என்ன வந்துது?"

"எனக்குத் தெரியாது, ஐயா. அண்டைக்கு அவவுக்கும் ஏதோ வேலை இருந்திருக்கும்."

பூதலிங்கம் தன் தோளைப் பார்த்தார். துண்டில் சாக்பீஸ் தூள் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சண்டை நின்னுச்சாம்மா?"

"இல்லை."

"ஒரு குண்டாவது கொறஞ்சுதா?"

"இல்லை. அடுத்த கிழமை என்ர ஆக்கள் எல்லாரும் செத்துப்போச்சினம். அவரும், பெரியவனும், சின்னவளும்."

உலை கொதிக்க ஆரம்பித்தது. அம்மா அரிசியை அள்ளிப் போட்டார். வெளியே ஆற்றங்கரையில் மாடுகளை ஓட்டிப்போகும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விளக்கேற்ற வேண்டும். விடிந்தால் இந்தக் குரல் இருக்காது.

"கோவிக்காதீங்கம்மா. ஒண்ணும் நிக்கல, ஒண்ணும் கொறயல." அவர் ஒரு விறகைத் தள்ளினார். "பெறவு அந்தம்மா கத்துனதுல என்ன பிரயோசனம்?"

அம்மா கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினார். ஆவி முகத்தில் அடித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அண்டைக்கு நான் உலை வைச்சனான், ஐயா. சின்னவள் இன்னும் வேணும் எண்டு கேட்டவள்."