மகுடம் ஏந்திய கைக்கு ஒரு சொல்

வெகு காலத்துக்கு முன்னால், நடுவில் ஆறு ஓடும் ஒரு நாட்டை இளங்கண்டன் என்றோர் அரசன் ஆண்டான். நம் கதை நடக்கும்போது அவன் இன்னும் ஆளத் தொடங்கவில்லை. முடிசூட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. நிலையில்லாத மனம் அவனுக்கு. வெள்ளை யானை வேண்டும் என்று காலையில் பட்டத்து யானைக்கு அரிசிமாவு பூசச் சொல்வான். மாலையில் அதைப் பார்த்துப் பயந்து கழுவச் சொல்வான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முடிசூட்டு நாளில் அரசன் தன் முதல் உரையைப் பேசி முடிக்கும்வரை மகுடம் தலையில் அமராது. குடிமக்களில் ஒருவன் அதை இரு கைகளாலும் அரசனின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்பான். உரை முடிந்ததும் அவனே இறக்கி வைப்பான். ஒரு தலைமுறைக்குத் தென்கரைக்காரன் ஏந்தினால் அடுத்த தலைமுறைக்கு வடகரைக்காரன். இந்த முறை வடகரையின் முறை.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. பழைய அரசன் இறந்தபோது அரியணைக்குப் போட்டியிட்ட இளங்கண்டனின் தம்பிக்காக வாளெடுத்தது வடகரை. தம்பி தோற்றான், குதிரையேறி ஓடிவிட்டான். ஊர்களுக்குக் குதிரை இல்லை. மகுடம் ஏந்த வேண்டிய வடகரைத் தலைவன் கோவன், முந்நூறு குடும்பங்களின் பொருள்களையெல்லாம் படகுகளில் ஏற்றச் சொல்லிவிட்டான். அரசன் பேசுவதைக் கேட்பது. பிறகு இருப்பதா, ஆற்றோடு வேற்று நாட்டுக்குப் போவதா என்று முடிவெடுப்பது.

அரண்மனையில் யாரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. உரையை யார் எழுதுவது என்பதுதான் அங்கே பேச்சு.

"என்னை விட்டால் யார்?" என்றார் அவைப்புலவர் சொல்மாரியார். "அமைச்சர் வெண்ணாகர் எழுதினால் அது உரையாக இருக்காது அரசே, வாய்க்கால் தூர்வாரும் ஆணையாக இருக்கும்."

"வாய்க்கால் தூர்வாரினால் தண்ணீராவது வரும், புலவரே," என்றார் வெண்ணாகர்.

அரசனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "இருவரும் எழுதி வாருங்கள். தோற்றவர் ஓராண்டுக்கு என் அவையில் வாய் திறக்கக்கூடாது."

மூன்றாம் நாள் சொல்மாரியார் ஒரு சுமை ஓலையோடு வந்தார். வெண்ணாகரின் இடுப்பில் ஒரே ஓர் ஓலை நறுக்கு.

"அரசே, ஓர் ஒத்திகை பார்ப்போம்," என்றார் வெண்ணாகர். "புலவர் தங்கள் இடத்தில் நின்று பேசட்டும். மகுடம் ஏந்தத்தான் ஆள் இல்லை. அரச குடும்பமும் கோவனும் தவிர வேறெவரும் அதைத் தொடக்கூடாதே."

"நானே ஏந்துகிறேன்," என்று துள்ளி எழுந்தான் அரசன்.

சொல்மாரியார் தொண்டையைச் செருமினார். "விண்ணதிர மண்ணதிர வெற்றிமுரசு கொட்டி வந்த வேங்கையின் வழித்தோன்றல் யான்…"

அரசன் முகம் மலர்ந்தது. முதல் பாட்டன் மலையைப் பிளந்தான். இரண்டாம் பாட்டன் கடலைக் குடித்தான். மூன்றாம் பாட்டன் வருவதற்குள் அரசனின் முழங்கை மடங்கத் தொடங்கியது.

"கை தாழ்கிறது, அரசே. அது அபசகுனம்," என்றார் வெண்ணாகர்.

அரசன் பல்லைக் கடித்துக் கையை உயர்த்தினான். "புலவரே, இன்னும் எத்தனை பாட்டன்?"

"பதினொருவர். அதன் பிறகு தங்கள் குதிரை வருகிறது."

"குதிரையுமா?"

"அதற்கு நாற்பது அடிகள்தான், அரசே."

குதிரையும் வந்து போனது. அரசனின் நெற்றி வியர்த்துக் கண்ணில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. அந்த நேரம் பார்த்துப் புலவர் குரலை உயர்த்தினார்: "எதிர்த்த வடகரையார் தலைகளைப் பனங்காயாய் உருட்டுவேன்…"

"இப்போது தாங்கள் கோவன்," என்று காதருகில் சொன்னார் வெண்ணாகர். "இதைக் கேட்டு என்ன செய்வீர்கள்?"

அரசன் சற்று யோசித்தான். "மகுடத்தை அவன் தலையில் வைக்க மாட்டேன். போடுவேன்."

சொல்மாரியார் மெல்ல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அரசன் மகுடத்தை இறக்கினான். தோளைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். "உம்முடைய உரை எங்கே?"

வெண்ணாகர் நறுக்கை நீட்டினார். அதில் ஒரே வரி இருந்தது: 'கோவன் எதைக் கேட்கக் காத்திருக்கிறான்?'

"இது உரையா?" என்றார் புலவர்.

அரசன் அந்த வரியை மீண்டும் படித்தான். "என் வீடு இனியும் என் வீடுதானா என்று கேட்கக் காத்திருக்கிறான்," என்றான். பிறகு தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்ணாகருக்கு அணிவித்தான். சொல்மாரியார் எதையோ சொல்ல வாயெடுத்தார். அரசன் ஒரு விரலை உயர்த்திக் காட்டினான். ஓராண்டு அந்த நொடியில் தொடங்கியது.

முடிசூட்டு நாளில் கோவன் மகுடத்தை உயர்த்தினான். துறையில் படகுகள் அவிழ்க்கத் தயாராக நின்றன.

இளங்கண்டன் பேசினான். "வடகரை மக்களே, நீங்கள் என்னை வேண்டாம் என்றீர்கள். அதற்காக உங்களில் ஒருவர் வீடும் எரியாது, ஒருவர் வயலும் பறிபோகாது. என்னை விரும்பாதவர்களுக்கும் நான்தான் காவல்."

அவ்வளவுதான். மகுடம் இறங்கவில்லை.

"முடிந்துவிட்டது," என்றான் அரசன் மெதுவாக.

"தெரிகிறது அரசே," என்றான் கோவன். "படகில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு முறை சொல்லுங்கள்."

படைத்தலைவர்கள் வாளில் கை வைத்தார்கள். அரசன் அவர்களுக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்துத் திரும்பினான். அதே சொற்களை அடிவயிற்றிலிருந்து சொன்னான். முதல் முறை சொன்னபோது அது வெறும் பேச்சு. ஆயிரம் பேர் முன்னால் இரண்டாம் முறை சொன்னபின் அதை யாரும் திரும்ப வாங்க முடியாது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

துறையில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு படகிலிருந்து இரண்டு பெண்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓர் அம்மிக்கல்லைக் கரையில் இறக்கினார்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் கோவன் மகுடத்தை இறக்கி அரசன் தலையில் வைத்தான்.