முதலில் வரவேண்டியவர்கள்

“அம்மா, நம் ஆசிரமத்தின் தியான மண்டபம் முடிந்துவிட்டது. நீங்கள் ஏன் உள்ளே வர மறுக்கிறீர்கள்?”

கேட்டவர் நன்மாறன். நரை கண்ட கட்டடக்கலைஞர். அவருடைய குரு அருளாயி, வயதில் அவரைவிட இளையவர்.

“முதலில் வரவேண்டியவர்கள் இன்னும் வரவில்லை” என்றார் அருளாயி.

“ஊரையே அழைத்திருக்கிறேன்.”

அருளாயி வெளித்தூணைத் தொட்டார். “இந்தக் கல்லை வெட்டியவர்களை?”

“அவர்களை எனக்குத் தெரியாது. கல் லாரியில் வந்தது.”

“லாரி எங்கிருந்து வந்தது?”

எந்தத் தூணின் நிழல் எந்நேரம் எங்கே விழும் என்று நன்மாறனுக்குத் தெரியும். இது தெரியவில்லை.

விசாரித்துக்கொண்டே நடந்தார். மலைக்குப் பின்னால் ஒரு கல்குவாரி. விடிந்துகொண்டிருந்தது. பனியும் கல்தூசியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அந்த வெள்ளைக்குள் ஆட்கள் கனவில் வருகிறவர்கள் போல அசைந்தார்கள். சுத்தியல் சத்தம் மட்டும் நிஜமாக இருந்தது.

கம்பி வேலிக்கு அப்பால் ஒரு பெண் நிமிர்ந்தாள். பெயர் காத்தாயி.

“உங்க கல்லுலதான் தியான மண்டபம் கட்டியிருக்கேன். திறப்புக்கு வாங்க.”

காத்தாயி சிரித்தாள். “கேட்டைத் திறந்தாத்தானே சாமி!”

கேட்டில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்கியது.

“எப்பலேர்ந்து இப்படி?”

“எம் மக இங்கதான் பொறந்தா. இப்ப எனக்குச் சமமா கல்லு ஒடைக்கிறா.”

நன்மாறன் ஆசிரமத்துக்குத் திரும்பவில்லை. பூட்டைத் திறக்கச் சொல்லி அதிகாரிகளின் வாசலில் போய் நின்றார். விரட்டினார்கள். மறுநாளும் போய் நின்றார்.

குவாரி முதலாளி ஆள் அனுப்பினார். “மண்டபத்துக்குப் படி இன்னும் வெறும் மண்ணுதானாமே? சும்மாவே கல்லு தர்றாராம். பேசாம இருந்துக்குங்க.”

“படி மண்ணாவே இருக்கட்டும்” என்றார் நன்மாறன்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு பகல்பொழுதில் அதிகாரிகள் பூட்டை உடைத்தார்கள்.

காத்தாயி மகளோடு வந்தாள். மண்படி ஏறி வாசலில் தயங்கினாள். நன்மாறன் ஒதுங்கி நின்றார்.

உள்ளே தரை குளிர்ந்திருந்தது. காத்தாயி உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினாள்.

“நம்ம கல்லா இது! இவ்ளோ வழுவழுன்னு ஆகுமா?”

மகள் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள். தாயும் அவளருகில் சாய்ந்தாள். சாளரத்து வெயில் மெல்ல நகர்ந்து அவர்கள் கால்மாட்டில் வந்து படுத்தது.

நன்மாறன் வெளியே ஓடினார்.

“வந்துவிட்டார்கள் அம்மா! தியானத்துக்கு மணி அடிக்கட்டுமா?”

அருளாயி செருப்பைக் கழற்றிவிட்டு விரைந்து படியேறினார். வாசல் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டார்.

“உஷ்… தூங்குகிறார்கள்.”